கிடங்கின் நடுத்தூண்

கதிரவன் நீரிணைக்குள் இறங்கும் பொழுதில், மலாக்கா நகரின் ஓட்டுக் கூரைகள் செம்பு பூசியவைபோல் மின்ன, கடற்காற்று காஜா பேராங்கின் குறுந்தெருக்களில் புகுந்து, வேலை முடித்து மீள்வோரின் வியர்வையை ஆற்றியவாறு மெல்ல நடந்துவரும். படிக்கும் அன்பரே, அத்தெருக்களுள் ஒன்றின் கோடியில், துணி வணிகர் கபீர் எங்கள் ஆடற்குழுவுக்கு விட்டுக்கொடுத்த பழங்கிடங்கு ஒன்று இருந்தது. அதன் நடுவே, கூரையைத் தாங்கி நின்றது பருத்த மரத்தூண் ஒன்று.

அத்தூணைச் சுற்றியே நாங்கள் ஆடப் பழகினோம். வள்ளி திருமணத்தில் வேலனாகிய என் தமக்கை சிவகாமசுந்தரியும் வள்ளியாகிய நானும் எதிரெதிர் மூலைகளிலிருந்து விரைந்து வந்து நடுவில் கைபற்ற வேண்டும். நேரே வந்தால் தூணில் முட்டுவோம் ஆதலின், இருவரும் முன்பக்கமாக வளைந்து வருவோம். மேடைகளில் தூணில்லை, ஆயினும் பழகிய கால்கள் வளையப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அந்த அடிக்குமுன் எனக்கு மட்டும் தெரியுமாறு தமக்கை புருவம் உயர்த்துவாள். நான் நேரே செல்வேன்.

"பேசாம அந்தத் தூணையே கட்டிக்கடி கமலவேணி. அதுவாவது உன்னை விட்டு ஓடாது," என்று பின்னர் நகைப்பாள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு, நாடு விடுதலை பெறுவதற்கு முந்திய திங்களில், காய்ச்சல் அவளைக் கொண்டுசென்றது. பதினாறாம் நாள் கழிந்த மறுமாலை, தாளம் தட்டும் கணேசமூர்த்தி எங்கள் வாயிலில் நின்றார்.

"பாடாங் திடல்ல நடக்குற மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குப் பேரு குடுத்தாச்சும்மா. வேலனுக்குப் புதுசா சேந்த விஜயா ஆடட்டும். வள்ளி இல்லன்னா நம்மளத் தூக்கிட்டு வேற குழுவைப் போட்டுருவாங்க. மத்த புள்ளைங்க ரெண்டு வருசமா ஆடுன ஆட்டம்மா."

"காலு கல்லு மாதிரி கெடக்குண்ணே."

"கல்லோடவே வா. நான் தட்டுற தட்டுல எந்திரிக்கும்."

வருவதாகச் சொன்னேன், ஆனால் தமக்கையின் சலங்கை தொங்கும் கிடங்கில் கால்வைக்க மறுத்தேன். விஜயா செமாபோக்கில் தன் வீட்டு வெளியில், தூணறியாமல், தனியே பழகினாள். நான் பழகாமலே மேடையேறினேன்.

அந்த அடி வந்தது. எதிரே நின்ற வேலனின் முகத்தில் புருவத்தைத் தேடினேன், அது அசையவில்லை. களைத்த கால்கள் தாமாகவே வளைந்தன. விஜயா நேரே வந்தாள். நீட்டிய என் கையில் காற்றே பட்டது.

"எங்கக்கா போறீங்க?" என்றாள் உதடசையாமல்.

கணேசமூர்த்தி ஒரு நொடி என்னைப் பார்த்தார். முடிக்க வேண்டிய தாளத்தை முடிக்காமல், அதே அடியை மீண்டும் தட்டினார். விஜயா உணர்ந்துகொண்டாள். பின்வாங்கி, நான் சென்ற வழியே, கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைச் சுற்றுபவள்போல் வளைந்து வந்து, என் கையைப் பற்றினாள்.

கபீரின் மனைவி மும்தாஜ் மேடைப்படிக்கே வந்துவிட்டார். "உங்க சாமியே நடுவுல நிக்கிற மாதிரி இருந்திச்சும்மா. நல்லா யோசிச்சு வச்சிருக்கீங்க!"

"ஆமாம்மா, யோசிச்சுத்தான் வச்சோம்," என்றார் கணேசமூர்த்தி, கைத்தாளத்தைத் துணியில் சுற்றியவாறே, என்னை நோக்காமல்.

அன்றுமுதல் அவ்வளைவே எங்கள் ஆடலின் அடியாயிற்று. அதன்பின் ஒன்பது ஆண்டுகள், சோர்வு உடலிற் படிந்த நாள்களிலும், எத்தனையோ மேடைகளில் ஆடினேன். அவ்விடம் நெருங்குகையில் என் கண் ஒருமுறை எதிரே தேடும், தேடியது கிடைக்காது, கால்கள் அறிந்த வழியே சுற்றிக்கொண்டு போவேன்.