வெள்ளிவிழாவுக்கு ஒரு தங்கத் துப்பாக்கி

குளியலறைக் குழாய்களும் கழிப்பறைப் பீங்கான்களும் விற்றே துபாயில் பெரிய ஆளானவர் அபு பைசல். அவருடைய அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர் இராஜரத்தினம், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்காரர். துவக்குச் சத்தமும் குண்டுச் சத்தமும் கேட்காத இடமாகப் பார்த்துத்தான் அவர் கடல் கடந்து வந்திருந்தார். வாய்த்த முதலாளிக்கோ நினைவுத் துப்பாக்கிகள் என்றால் உயிர்.

அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாகாணத்துக்கு நூறு வயதானால் போதும். யாராவது ஒரு கம்பெனிக்காரன் கழுகு செதுக்கி, தங்க முலாம் பூசி, வெல்வெட் பெட்டியில் வைத்து ஒரு துப்பாக்கியை வெளியிடுவான். அபு பைசல் வாங்கிவிடுவார். அந்த மாகாணம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, ஆர்டர் அனுப்பிய இராஜரத்தினத்துக்கும் தெரியாது. ஜுமைரா வீட்டின் வரவேற்புக் கூடமான மஜ்லிஸில் விருந்தாளிகள் சாய்ந்து உட்கார்ந்தால் தலைக்கு மேல் ஒரு வரிசை துப்பாக்கி பளபளக்கும்.

2007இல் அபுதாபி ஆயுதக் கண்காட்சிக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரரை முதலாளி சாப்பாட்டுக்கு அழைத்தார். பழைய ஆயுதங்களுக்கு மதிப்புச் சொல்வதே அவர் தொழில். குறிப்பெடுக்க இராஜரத்தினமும் போனார்.

வெள்ளைக்காரர் கையுறை மாட்டிக்கொண்டு முதல் துப்பாக்கியை இறக்கினார். குழலுக்குள் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இதில் சுட்டிருக்கிறீர்களா?"

"சுடாமல்? மூத்தவன் கல்யாணத்துக்கு இது, இரண்டாமவன் கல்யாணத்துக்கு அது," என்றார் முதலாளி பெருமையாக.

"கூட வந்த பெட்டி?"

"பேரப்பிள்ளைகள் பொம்மைக் கார் போட்டு வைத்திருக்கிறார்கள்."

"இந்தப் பளபளப்பு?"

"வாரா வாரம் வேலைக்காரி பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்கிறாள். எங்கள் கம்பெனி பாலிஷ்தான்."

வெள்ளைக்காரர் துப்பாக்கியைக் குழந்தையைக் கிடத்துவதுபோலக் கீழே வைத்தார். சுடாமல், துடைக்காமல், வந்த பெட்டியோடும் சான்றிதழோடும் இருந்தால்தான் இவற்றுக்குக் கொஞ்சமாவது மதிப்பு. அதுவும் பெரிதாக ஏறாது என்றார். "சேர்த்து வைப்பதற்கென்றே ஆயிரக்கணக்கில் செய்தவை இவை. வாங்கிய எல்லாரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பிறகு எப்படி அரிதாகும்? எண்ணிக்கை குறைவாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால், பேர்போன ஒருவர் கையில் இருந்திருக்கவேண்டும்."

வேறொருவராக இருந்தால் மனம் உடைந்திருப்பார். அபு பைசலோ இரண்டாம் முறை கப்ஸாச் சோறு போட்டுக்கொண்டு யோசித்தார். விருந்தாளி போனதும், "ரத்தினம், நான் பேர்போனவன்தானே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அந்த அலுவலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. இராஜரத்தினம் அதைச் சொன்னார்.

"கலாஸ், முடிந்தது! நாமே செய்வோம்."

கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவாக, சுடமுடியாத மாதிரிக் கைத்துப்பாக்கிகள் கொஞ்சமே கொஞ்சம் தயாராயின. குழாய்களுக்கு முலாம் பூசும் ஷார்ஜா பட்டறையே அவற்றையும் பூசியது. பிடியில் முதலாளியின் முகமும் வரிசை எண்ணும் பதிந்திருந்தன. விழா மேடையில், போனஸை எதிர்பார்த்து வரிசையில் நின்ற பழைய ஊழியர்கள் கையில் ஆளுக்கொரு வெல்வெட் பெட்டி கிடைத்தது.

"ஊருக்குக் கொண்டுபோ, ரத்தினம்! மனைவியோடு படம் எடுத்து அனுப்பு. காலண்டரில் போடுவோம்."

அடுத்த வாரம் இராஜரத்தினத்துக்கு லீவு. போரால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியதால் மனைவி பத்மாவதி கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். யாழ்ப்பாணத்துத் தமிழன், கட்டுநாயக்கா விமான நிலையம், பெட்டிக்குள் கைத்துப்பாக்கி. நினைத்ததும் அவர் எழுந்து யோசனை கேட்கப் போனார்.

கணக்குப் பிரிவு ஹபீப் முகம்மது கீழக்கரைக்காரர். "எங்க ஊரு கஸ்டம்ஸ்ல சிரிச்சிட்டு விட்ருவான் அண்ணே. உங்களுக்குத்தான் சிக்கல்."

"குப்பையிலை போட்டா?"

"நம்பர் வெட்டியிருக்குல்ல? குப்பை அள்றவன் போலீஸ்ல குடுப்பான், போலீஸ் முதலாளிக்குப் போன் போடும். அப்புறம் காலத்துக்கும் லீவுதான்."

போனில் பத்மாவதியிடம் துப்பாக்கி என்ற சொல்லைச் சொல்லவும் பயமாக இருந்தது.

"கம்பெனியிலை ஒரு பரிசு தந்திருக்கினம்."

"என்ன பரிசு?"

"அது... குழாய் மாதிரி ஒண்டு."

"நல்லதாப் போச்சு, கொண்டு வாங்கோ. இங்கை குசினிக் குழாய் ஒழுகுது."

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வெல்வெட் பெட்டியோடு முதலாளியின் அறைக்குள் போனார்.

"அர்பாப், அந்த வெள்ளைக்காரர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பெட்டி திறக்கக்கூடாது, கை படக்கூடாது. என் வீட்டில் கடல் காற்று. மனைவி துடைக்காமல் இருக்கமாட்டாள். உங்கள் பெயரால் வந்த பொருளின் மதிப்பு என்னால் குறைந்தால் நான் எப்படி உங்கள் முகத்தில் விழிப்பது? இது பேர்போனவர் கையிலேயே இருக்கட்டும்."

அபு பைசல் கண் கலங்கிவிட்டார். எழுந்து வந்து அரபுக்காரர் வழக்கப்படி இராஜரத்தினத்தின் மூக்கில் மூக்கை உரசினார். மாலைக்குள் எல்லாத் துப்பாக்கிகளும் பெட்டகத்துக்குத் திரும்பவேண்டும் என்று உத்தரவு பறந்தது. அன்றைக்கு ஹபீப் முகம்மது ஆபீஸ் முழுவதற்கும் சாயா வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் புறப்படும் நாள் காலை, விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வந்த முதலாளியின் டிரைவர் ஒரு உறை கொண்டுவந்தான். உள்ளே தடித்த அட்டையில் ஒரு சான்றிதழ். மேலே துப்பாக்கியின் வண்ணப் படம். கீழே தங்க எழுத்தில்: "பதினான்காம் எண் கைத்துப்பாக்கியின் உரிமையாளர், இலங்கை இராஜரத்தினம்." முதலாளியின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

துப்பாக்கியையாவது பொம்மை என்று சொல்லிப் பார்க்கலாம். இந்தக் காகிதத்தை என்னவென்று சொல்வது? டிரைவர் விமான நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனதும் இராஜரத்தினம் கழிப்பறைக்குள் நுழைந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார். அட்டை கிழிய மறுத்தது. பல்லால் கடித்துக் கிழித்தார். துண்டுகளை ஒரே இடத்தில் போடாமல் ஒவ்வொரு குப்பைத் தொட்டியிலும் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு விமானத்துக்குப் போனார்.

கொழும்பில் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரைப் பார்த்ததுமே தனியறைக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். பால்மா, சவர்க்காரம், அத்தர் போத்தல், பத்மாவதிக்கு வாங்கிய சேலை.

"ஒன்றும் கொண்டுவரவில்லை என்றால் ஏன் இப்படி வியர்க்கிறது?" என்றார் அதிகாரி.

"புழுக்கம், சேர்," என்றார் இராஜரத்தினம். குளிரூட்டி உறுமிக்கொண்டிருந்தது.

 அதிகாரி அத்தர் போத்தலை மட்டும் தன் மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். கொட்டிய சாமான்களை இராஜரத்தினம் அவசர அவசரமாக அள்ளினார். சேலையை மடிக்கவில்லை. அப்படியே பெட்டிக்குள் திணித்து மூடிக்கொண்டு, பத்மாவதி காத்து நின்ற வாசலை நோக்கி நடந்தார்.