ரோலர் கோஸ்டரில் ஏறியவர்

தேவநாதன் பாத்திரக்கடையில் எழுதி மாட்டாத சட்டம் ஒன்று உண்டு. முதலாளி வாயிலிருந்து வந்த சொல்லை நாலு பேர் முன்னால் யாரும் திருத்தக் கூடாது. அட்டைப்பெட்டியில் மொராதாபாத் என்று அச்சடித்து வந்த குத்துவிளக்கை அவர் கும்பகோணத்து வார்ப்பு என்று சொல்லிவிட்டால், வேலையாள் ராஜாங்கம் பெட்டியை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பான். அவ்வளவுதான். அவர் மனைவி சாரதா, கடையின் உள்மூலையில் உட்கார்ந்து பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறவள், முப்பத்தாறு வருடமாக அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள். செஞ்சிக் கடைத்தெருவே அதற்குக் கட்டுப்பட்டதுதான்.

சித்திரையில் இருவரும் ஜப்பான் போய்வந்தார்கள். மகள் பிருந்தாவும் அவள் கணவனும் அங்கே வேலையில் இருக்கிறார்கள். பதினெட்டு நாள் பயணத்தில் ஒரு நாள், பனிமலையின் அடிவாரத்தில் இருந்த பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றில் கழிந்தது. திரும்பி வந்த பிறகு கடைத்தெருவுக்குத் தெரியவந்தது அந்த ஒரு நாள் மட்டுமே. தேவநாதன் அதையேதான் சொன்னார்.

அவர் கதைக்குப் பாடபேதங்கள் இருந்தன. வைகாசியில் சொன்ன கதையில் அவர் ரோலர் கோஸ்டரில் ஏறினார். சாரதா கீழே பை காத்தாள். ஆடியில் அவள் அண்ணாந்து பார்த்தே நடுங்கிப்போனாள். ஆயுத பூஜைக்கு அவல், பொரி வாங்கிக்கொள்ள வந்தவர்களிடம் சொன்ன கதையில் அவள் மயங்கியே விழுந்துவிட்டாள். ஜப்பான்காரர்கள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"இன்னா சாரதாம்மா," என்பார் எதிர்த் துணிக்கடைப் பச்சைமுத்து, "ராட்டினத்தைப் பாத்தே மயக்கமா? மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்துல எப்டிதான் நிக்கறீங்களோ!"

சாரதா சிரித்து வைப்பாள். பெயர் வெட்டும் மிஷினின் ஊசியை மட்டும் சற்று அழுத்திப் பிடிப்பாள். அந்த மாதங்களில் தேவநாதன் கடையில் வாங்கிய பாத்திரங்களில் எழுத்துகள் தேவைக்கு மேல் ஆழமாக இருக்கும்.

நடந்தது வேறு. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று ரோலர் கோஸ்டரின் வாசலுக்கு வந்தபோது, தொப்பி அணிந்த இருபது வயதுப் பெண்ணொருத்தி பாஸ்போர்ட்டைக் கேட்டாள். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. தேவநாதனின் பாஸ்போர்ட் அறுபத்தேழு என்றது.

"இஸ்கூல்ல சேக்கறதுக்காக எங்க நைனா ரெண்டு வயசு கூட்டிப் போட்டுட்டார். அதைச் சொல்லு அவகிட்ட," என்றார் பிருந்தாவிடம். பிருந்தா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் முழுவதையும் கவலையோடு கேட்டாள். பிறகு இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்து, இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறிபோல் வைத்துக் காட்டினாள். இவர் மறுபடி சொன்னார். அவள் மறுபடி குனிந்தாள். மறுபடி கைகள் பெருக்கல் குறியாயின. இத்தனை மரியாதையோடு யாரும் அவரை மறுத்ததில்லை. சண்டைக்கு இழுக்கவும் அதில் வழியில்லை.

"வா சாரதா, போவலாம். மனுசன் ஏறறதா இது?"

சாரதாவுக்கு ஐம்பத்தெட்டு. அந்தப் பெண் அவளுடைய பாஸ்போர்ட்டை இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்து, உள்ளே வழி காட்டினாள். சாரதா கைப்பையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தோளை அழுத்தும் கம்பி, செங்குத்தாக ஏறும் தண்டவாளம், உச்சியில் ஒரு நொடி அசைவற்ற வானம், அதற்குப் பின் காலடியில் ஒன்றுமே இல்லை. அவள் கத்தினாள். பயத்தில் தொடங்கிய கத்தல் இரண்டாவது வளைவிலேயே வேறொன்றாகிவிட்டது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியில் நின்றுகூட அவள் அப்படிக் கத்தியதில்லை. அங்கே தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள். வண்டி நின்றபோது, பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஜப்பான்காரி இவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவளும் சிரித்தாள். கீழே தேவநாதன் பையை நீட்டினார். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

அந்த நாளைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். போனில் சாரதா முறையிட்டபோது பிருந்தா சொன்னாள்: "விடும்மா. நைனாவுக்கு அதுல ஒரு பெரும. உனக்கு இன்னா கொறஞ்சிபோச்சு?"

குறைந்தது என்னவென்று கார்த்திகையில் தெரிந்தது. பிருந்தாவுக்குத் தை மாதம் தலைப்பிரசவம். சாரதா பிரசவ மருந்துக்கான சுக்கும் ஓமமும் காயவைத்துப் பொடித்து, பழைய புடவைகளைத் துணிகளாகக் கிழித்து வைத்திருந்தாள். அந்த நேரத்தில் தேவநாதன் தீர்ப்புச் சொன்னார். "மயங்கி விழறவள எப்டித் தனியா பிளேன்ல ஏத்தறது? சம்மந்தியம்மா போவட்டும்."

உறவினர் எல்லோரும் தலையாட்டினார்கள். கதைதான் எல்லோருக்கும் தெரியுமே. தான் சொன்னதை அவரே நம்பிவிட்டாரா, ரோலர் கோஸ்டர் வாசலில் பட்ட அவமானத்துக்குப் பழி தீர்க்கிறாரா என்பது சாரதாவுக்குப் பிடிபடவில்லை. எதுவானாலும் அவளுக்கு வந்த கோபம் ஒன்றுதான். பத்து நாள் அது அவளைச் சரியாகச் சாப்பிட விடவில்லை.

திங்கட்கிழமை காலை, ஜப்பானுக்குக் கொண்டுபோகப் பாத்திரம் எடுக்கத் திண்டிவனத்திலிருந்து சம்பந்தி ரத்தினம்மாள் வந்தார். முகூர்த்த நாள் நெருங்கியதால் கடை நிறைய ஆட்கள். பச்சைமுத்துவும் டீ கிளாஸோடு வந்து நின்றார். தேவநாதனுக்கு வேறென்ன வேண்டும்? கதை புறப்பட்டது. இம்முறை சாரதாவை ஆஸ்பத்திரிக்கே தூக்கிப் போனார்கள்.

"ஐயோ பாவம்," என்று ரத்தினம்மாள் உண்மையாகவே இரங்கினார். "நீங்க கவலப்படாதீங்க அண்ணி. கொழந்தைய நான் பாத்துக்கறேன். நீங்க வீடியோ கால்ல பாருங்க."

"அதாம்மா சரி," என்றார் பச்சைமுத்து. "போன்ல பாத்தா தல சுத்தாது!"

கடை சிரித்தது. தேவநாதன் ஒரு சிறிய குண்டானை நீட்டினார். "கொழந்தைக்குத் தண்ணி காயவைக்க. சம்மந்தியம்மா பேர வெட்டு."

சாரதா அதை மடியில் சாய்த்துக்கொண்டு ஊசியை வைத்தாள். மிஷின் கிர்ரென்றது. 'ர' பாதி விழுந்தது. அதற்கு மேல் கை ஓடவில்லை. சுவிட்சை அணைத்தாள்.

"நான் மயங்கி விழலை."

ராஜாங்கம் எடுத்த அண்டாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாத்தீங்களா, இப்பவும் தல சுத்துது இவளுக்கு," என்று தேவநாதன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "உள்ள போய்த் தண்ணி குடி, போ."

"எனக்கு ஒண்ணும் சுத்தலை. வயசு தாண்டிப்போச்சின்னு அவங்க ஏத்தமாட்டேன்னது உங்களை. ஏறினது நானு. கீழ என் பையப் புடிச்சினு நின்னது நீங்க."

"சாரதா! கடையில ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். இவங்களண்டதான சொன்னீங்க? இவங்க முன்னாடியே கேட்டுக்கங்க." அவள் எழுந்தாள். ரத்தினம்மாள் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நீங்க கோச்சிக்காதீங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. எம் பொண்ணு பிரசவத்துக்கு நான்தான் போவேன். டிக்கெட்டு எம் பேருக்குப் போடச் சொல்லுங்க."

"வாய மூடு," என்றார் தேவநாதன், பல்லுக்குள்.

சாரதா அவரைப் பார்க்கவில்லை. தெருவில் நின்றுவிட்டவர்களுக்கும் கேட்கும்படிச் சொன்னாள்: "பொய்ங்க. ஏழு மாசமா இந்தக் கடையில இவரு சொன்னது அத்தனையும் பொய்."