ஹார்ட்டுன்னு சொல்லியாச்சு

சைத்ராவைத் தள்ளாத குறையாகப் பின்னறைக்குள் அனுப்பிவிட்டு, அப்பா பாலகோபால் கதவை மறித்து நின்றுகொண்டார். பெங்களூரிலிருந்து வந்து இறங்கியவள் தோளிலிருந்து பையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. வெளியே பெண்கள் தண்ணீர்க் குடங்களோடு காத்திருந்தார்கள். சுமங்கலியாகப் போனவளை உறவுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவதுதான் அவர்கள் வழக்கம். இவரோ மகள் ஒருத்தி போதும் என்கிறார்.

"ஏனுங்கண்ணா, இதென்ன புதுசா இருக்குது?" என்றாள் அவர் தங்கை ராமாமணி.

"நாஞ்சொல்றேன்ல. எல்லாரும் சித்தெ இருங்க."

உள்ளே மர பெஞ்சின் மேல் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. நெஞ்சுவலி வந்தவளுக்கு எதற்கு இவ்வளவு சாம்பிராணி என்று நினைத்துக்கொண்டே சைத்ரா ரவிக்கைக் கொக்கிகளைக் கழற்றினாள்.

உள்ளே பழைய வேட்டித் துணியை மடித்து மடித்து வைத்திருந்தது. எடுத்தாள். இடது மார்பு இருக்க வேண்டிய இடத்தில் புண்தான் இருந்தது.

பத்து வருடமாகப் புற்றுச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறவள் அவள். அவற்றுக்குத் தீனி வைப்பாள், மருந்து விடுவாள், எத்தனை செத்தன என்று எண்ணுவாள். அது ஒரு உடம்பைத் தின்றிருப்பதை இப்போதுதான் நேரில் பார்த்தாள்.

"எப்ப இருந்துங்கப்பா?"

பாலகோபால் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். போன தையிலேயே தெரியும் என்றார். கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துவிட வேண்டும் என்றார்களாம். டாக்டர் முன்னால் சரி சரியென்று தலையாட்டியவள், காரில் ஏறியதும் முடியாது என்றுவிட்டாளாம்.

எல்லாவற்றுக்கும் காரணம், அதற்கு முன்பே சைத்ராவின் ஆராய்ச்சியைப் பற்றி வந்திருந்த பேப்பர் செய்திதான். முருங்கைக்கீரையில் இருக்கும் ஒரு சத்து, தட்டில் வளரும் புற்றுச் செல்களைக் கட்டுப்படுத்துகிறது. மனித உடம்பில் என்ன செய்யும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். சைத்ரா சொன்னது இவ்வளவுதான். பேப்பரில் முதல் பாதியை மட்டும் போட்டார்கள். அம்மா வரலட்சுமிக்கு அது போதும். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு விடாமல் மகளின் கண்டுபிடிப்பைச் சொன்னாள். கீரையைக் காயவைத்துப் பொடித்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அப்படியெல்லாம் இல்லம்மா என்று சைத்ரா ஒரு தடவை போனில் சொல்லிப் பார்த்தாள். அம்மாவின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று அதோடு விட்டுவிட்டாள்.

"உம்பேரு கெட்டுப்போகும்னுட்டா கண்ணு," என்றார் பாலகோபால். "சொன்னவ அம்மாளுக்கே வந்திருச்சுன்னு ஊரு சிரிக்கும், புள்ளை நாலு பேரு முன்னால நிக்க முடியாதுன்னா. எங்கையப் புடிச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டா."

"நீங்களும் பாத்துட்டே இருந்தீங்களா?"

அவர் கூறைப்புடவையை எடுத்துப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். "ஹார்ட்டுன்னு சொல்லியாச்சு. நீ தண்ணி ஊத்திச் சேலையச் சுத்திட்டீன்னா முடிஞ்சுது. ஒருத்தருக்கும் தெரியாது."

சைத்ராவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செத்துக் கிடக்கிறவளை உலுக்கி எழுப்பி நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது. தினமும் போன் செய்வாள். சாப்பிட்டாயா, தலைக்குக் குளித்தாயா, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டாயா. மகளின் படிப்பை ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்தவளுக்கு, அந்த மகளிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. பேர் கெட்டுவிடுமாம். அந்தப் பேரை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது?

வெளியே நிற்பவர்கள் வீட்டிலெல்லாம் அந்த டப்பா இருக்கும். அவள் கதவை நோக்கிப் போனாள். பாலகோபால் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் கண்ணு. அவ ஆசைப்பட்டது இது ஒண்ணுதான்."

"ஆசைப்பட்டது போதுங்கப்பா."

கதவைத் திறந்து, எல்லாரையும் உள்ளே வரச் சொன்னாள். முதலில் வந்தவள் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பின்னால் வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒப்பாரிக்கு என்று வாய் திறந்தவர்களும் மூடிக்கொண்டார்கள்.

"அம்மாவுக்கு ஹார்ட் இல்லீங்க. மார்ல புத்துநோய். கீரை தின்னா வராதுன்னு நான் எங்கயும் சொல்லலீங்க. ஆபரேஷன் பண்ணிருந்தா பொழச்சிருக்கலாம். அம்மா அதுக்குப் போகலை."

அவ்வளவு படித்து என்ன பிரயோசனம், பெற்றவளைப் பார்க்கத் துப்பில்லையே என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். அது அவள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னது. விழுந்தது.

பிறகு தண்ணீர் ஊற்றினார்கள், மஞ்சள் பூசினார்கள். இடது பக்கத்தை யாரும் தொடவில்லை. அதைச் சைத்ராவே கழுவித் துடைத்தாள். கூறைப்புடவை சுற்றி, பூ வைத்து, வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். பாலகோபால் மகளைப் பார்க்காமல் பின்னாலேயே போனார்.

சைத்ரா தரையில் கிடந்த துணிகளைச் சுருட்டினாள். ராமாமணி மட்டும் போகவில்லை. காலிக் குடத்தை இடுப்பில் எடுத்தாள், மறுபடியும் கீழே வைத்தாள்.

"வாங்க அத்தை, வெளிய தேடுவாங்க."

"இன்னிக்குக் காத்தாலகூட அந்தப் பொடியக் கரைச்சுக் குடிச்சுட்டுத்தான் வந்தேன் கண்ணு."

சைத்ரா நிமிர்ந்து பார்த்தாள். ராமாமணி அவளுடைய ஈரக் கையைப் பிடித்து இழுத்து, தன் முந்தானைக்குள், வலது அக்குளுக்குக் கீழே வைத்து, விரல்களை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.