பார்க்காமல் சொன்ன அருவி

1

எழுந்தான். பல் தேய்த்தான். காபி போட்டான், குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஞாயிற்றுக்கிழமை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. போட்ட இஸ்திரி வீணாக வேண்டாமென்று அதே சட்டையோடு உட்கார்ந்து இந்தக் கதையைத் தொடங்கினான்.

கதை பிறந்தது எங்கே என்று முதலிலேயே சொல்லிவிடலாம்: மனைவிக்கு அவன் வர்ணித்த, அதுவரை பார்த்திராத ஓர் அருவியில்.

2

"வெள்ளிச் சரிகையாய் அருவி..." வேண்டாம். துணிக்கடை விளம்பரம்.

"மனைவியை இழந்த ஒருவன் தேசியப் பூங்காவுக்கு..." இது அனுதாபம் கேட்கிறது.

நடந்ததையே சொல்லலாம்.

கல்யாணமானதிலிருந்து அவர்களுக்கு ஒரு விளையாட்டு. எந்த அருவிக்குப் போனாலும் ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், மற்றவர் வர்ணிக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து, சொன்னவரைக் கிழிகிழியென்று கிழிக்கலாம். "இதாடா புகை மாதிரி? குக்கர் ஆவி மாதிரி இருக்கு" என்பாள்.

அந்தத் தேசியப் பூங்காவில் மற்ற அருவிகளெல்லாம் பார்த்தாயிற்று, பள்ளத்தாக்கின் கோடியிலிருக்கும் பெரிய அருவி மட்டும் பாக்கி. அதற்குள் அவளுக்கு உடம்புக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக்கொண்டு, "பெருசச் சொல்லு" என்றாள். சொன்னான். பச்சைத் தண்ணீர், படிக்கட்டு மாதிரிப் பாறை, வானவில்.

போன மாதம் சரிபார்க்கப் போனான்.

3

கூட வந்தது மைத்துனன், அவளுடைய தம்பி. (இவனை விட்டுவிடலாமா என்று யோசித்தான். தனியாக நிற்கிற துக்கத்துக்கு அழகு அதிகம். ஆனால் கார் ஓட்டியது இவன்தான்.)

இரண்டு பக்கமும் பாறை அடுக்கடுக்காக எழுந்து வானத்தை ஒரு நாடா அளவுக்குக் குறுக்கியிருந்தது. சத்தம் காதுக்கு முன்பே கைப்பிடிக் கம்பி வழியாக உள்ளங்கைக்கு வந்தது. கடைசி வளைவில் அருவி. தண்ணீர் பச்சையில்லை, டீ நிறம். படிக்கட்டு இல்லை, ஒரே பாய்ச்சல். கீழிருந்து கிளம்பிய காற்று பாதித் தண்ணீரைத் திருப்பி மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. பாறையிடுக்குப் பெரணிகள் அடியிலிருந்து நனைந்தன. அவன் சொன்னதில் ஒன்றுகூடச் சரியில்லை. அத்தனை பெரிய ஒன்றிடம் தோற்றது அவனுக்குப் பிடித்திருந்தது.

"மாமா, அருவியப் பாக்க வந்தீங்களா, கம்பியப் பாக்க வந்தீங்களா?"

"கண்ண மூடிக்கறேன். நீ சொல்லு."

"அக்கா மாதிரி எனக்கு வராது மாமா. தண்ணி. நெறைய தண்ணி. வந்துகிட்டே இருக்கு. யாரோ பைப்ப மூட மறந்துட்டாங்க."

சிரித்தான். [முதலில் எழுதியது: அழுதான். இரண்டும் இல்லை. மூக்கில் சாரல் ஏறித் தும்மினான்.]

4

முடிவு. அவளுடைய கடைசி வார்த்தையாக எதை வைப்பது?

ஒன்று: "எனக்காக நீ போய்ப் பாரு." படிக்கிறவர் கண் கலங்கும். அவள் அப்படிப் பேசுகிறவளே இல்லை.

இன்னொன்று: ஒன்றும் சொல்லாமல் அவன் கையை இறுகப் பற்றினாள். இரண்டு கையிலும் ஊசி. எப்படிப் பற்றுவாள்?

உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள், அவன் தடுக்கப் போவதில்லை. அன்று அவன் அளந்துவிட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணைத் திறக்காமல் அவள் சொன்னது இதுதான்:

"புளுகற. பரவால்ல, நிறுத்தாத. சொல்லு."