நாற்பதுக்குக் கீழே

ஜூலை 3, வியாழன்

நேற்று எழுதிய எடை தவறு. தொழிற்சாலையிலிருந்து வந்த வேகத்தில் சீருடையோடு, பையில் கத்தரிக்கோலும் அளவு நாடாவும் இருக்க, அப்படியே தராசில் ஏறிவிட்டேன். நாள் முழுக்கத் தைத்த ஜீன்ஸ்களைச் சரிபார்க்கிறவளுக்கு இதுகூடவா தோன்றவில்லை என்று என் மேலேயே எரிச்சல். இன்று காலை வெறும் வயிற்றில் மறுபடி பார்த்துத் திருத்திவிட்டேன். நூற்றுப் பதினொன்றரை கிலோ.

திருத்தியதில் சந்தோஷம் இல்லை. போன வாரமும் இதே எண்தான்.

இரைப்பை அறுவைக்குத் தயாராகும்போது நூற்றுப் பதினான்கில் தொடங்கினேன். நூற்றொன்பதுக்கு வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்லீரல் சுருங்கினால்தான் கருவி உள்ளே போக இடம் கிடைக்குமாம். மே மாதம் முழுவதும் ஒழுங்காகக் குறைந்துகொண்டு வந்தது. ஜூன் திருவிழாவில் ஊரே தீ மூட்டி, சோளத்தைச் சுட்டும் காய்ச்சியும் தின்றபோது நான் ஒரு கரண்டி கன்ஜிகா, அந்தச் சோளப் பாயசத்தைக்கூடத் தொடவில்லை. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதுதான் மிச்சம். அதற்குப் பிறகு தராசு நின்றுவிட்டது. எனக்குத் தெரியாமல் நானே எதையாவது தின்கிறேனா? அப்படித் தின்ன முடியுமா? யோசித்துப் பார்த்தேன். முடியாது என்றுதான் தோன்றுகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மதிய இடைவேளையில், அறுவைக்குப் பணம் தர வேண்டிய இன்சூரன்ஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். குரலில் தேன்.

“எடில்மாவா? சும்மா எப்படி இருக்கீங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன் கண்ணு. எடை குறையுதா?”

“அனுமதி வந்துடுச்சாங்க?”

“அது தணிக்கைல இருக்கு. குறையுதான்னு கேட்டேன்.”

குறைகிறது என்றால், தானாகவே குறைகிறதே, அறுவை எதற்கு என்பார்கள். குறையவில்லை என்றால், ஒத்துழைக்கவில்லை என்பார்கள். “டாக்டர் சொன்னபடி செய்றேன்” என்று மட்டும் சொன்னேன். அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நான் சொன்னதைவிட நீளமாகத் தட்டினாள்.

ஜூலை 5, சனி

இன்று மருத்துவமனையில் குழுக் கூட்டம். அறுவை முடிந்தவர்களும் காத்திருப்பவர்களும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். மனநல ஆலோசகர் வரத் தாமதமானதால் தோனா மர்லூசி கூட்டத்தை எடுத்துக்கொண்டார். அவருக்கு அறுவை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. சந்தையில் உள்ளாடைக் கடை வைத்திருக்கிறார்.

“என்ன மகளே, தராசு இறங்க மாட்டேங்குதா? எனக்கு ஏத்தறதுதான் பாடு. இன்சூரன்ஸ்காரன் எடை பாக்குற அன்னிக்கு ரெண்டு ஜீன்ஸ் போட்டுக்கிட்டேன், வீட்டுக்காரரோட பூட்ஸ், அதுக்கு மேல ரெண்டு லிட்டர் தண்ணி. அந்த டாக்டர் என்னைப் பாத்துட்டு, ‘ஏம்மா, நீங்க நடந்தா கொடம் தளும்புற மாதிரி கேக்குதே’ங்கறார்.”

எல்லோரும் சிரித்தோம். பிறகு என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

“உனக்கு யாரு சமைக்கறா?”

“ஜெனிவால்டோதான். எனக்கு சாயங்காலம் வகுப்பு இருக்கே. பட்டறைய மூடிட்டு வந்து சூப் வச்சு, பிளாஸ்க்ல ஊத்தி, பள்ளிக்கூட வாசலுக்கே பைக்ல கொண்டாந்து குடுத்துடுவான்.”

“எப்பலேர்ந்து இந்தப் பணிவிடை?”

“திருவிழாவுக்கு அப்புறம். நீ களைச்சுப்போறன்னு அவனே எடுத்துக்கிட்டான்.”

“நல்ல புருஷன். எங்க வீட்டுக்காரரும் அறுவைக்கு முன்னாடி ரொம்ப நல்லவராயிட்டார். வெள்ளிக்கிழமை தவறாம கேக் வாங்கிட்டு வருவார். பயம், வேறென்ன. இவ மெலிஞ்சா பறந்துடுவான்னு.”

“நீங்க பறந்தீங்களா?”

“நான் எங்க பறந்தேன். அவர்தான் போனார், அந்த கேக் கடைக்காரியோட.”

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பேருந்தில் சிரிப்பு நின்றுபோனது. தராசு நின்றது திருவிழாவுக்குப் பிறகு. சூப் அவன் கைக்குப் போனதும் திருவிழாவுக்குப் பிறகு. இரண்டு விஷயம் ஒரே வாரத்தில் நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது என்று வகுப்பில் புள்ளியியல் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஒரு கேக் கதையைக் கேட்டுக் கட்டின புருஷனைச் சந்தேகப்படுகிறேனே என்று வெட்கமாக இருந்தது.

வெட்கத்தோடுதான் இன்று சூப்பைக் கவனித்துக் குடித்தேன். பூசணி, கொஞ்சம் கோழி, உப்பு. ருசியாக இருந்தது. பத்தியச் சூப் இவ்வளவு ருசியாக இருக்கலாமா?

ஜூலை 8, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதால் வகுப்பு இல்லை என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். கைபேசியில் சார்ஜ் இல்லை. ஜெனிவால்டோ கிளம்புவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நடந்தேன். இதில் வேறு நோக்கம் எதுவும் இல்லை. இருந்திருக்குமோ என்றும் யோசித்தேன். இல்லை.

சமையலறையில் ரேடியோவில் கால்பந்து பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவன் அடுப்புக்கு முன்னால் நின்று ஒரு சின்ன அட்டைப் பெட்டியைப் பானைக்குள் பிழிந்துகொண்டிருந்தான். அதே மாதிரி இரண்டு காலிப் பெட்டிகள் தொட்டியில் கிடந்தன.

“என்னது அது?”

திடுக்கிட்டுத் திரும்பவில்லை. மெதுவாகத்தான் திரும்பினான். “வகுப்பு இல்லையா?”

“அது என்னன்னு கேட்டேன்.”

“பாலேடு.”

“எனக்கு வைக்கிற சூப்லயா?”

“சப்புன்னு இருக்கும் எடி, இல்லேன்னா.”

“சப்புன்னு இருக்கணும்னுதான் எழுதிக் குடுத்திருக்காங்க. மூணு பெட்டியா?”

“ரெண்டரை.” கையிலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “உக்காரு, சொல்றேன். கத்தாத.”

“நான் கத்தலையே.”

“அதான் பயமா இருக்கு.”

உட்கார்ந்தேன். ரேடியோவை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

“உதிரிபாகக் கடை எரிவானோட மச்சினிக்கு என்ன ஆச்சு தெரியுமா? டாக்டர் குறைன்னார், அதுவும் பொறுப்பா குறைச்சுது. இன்சூரன்ஸ்காரங்க அவங்க டாக்டர்கிட்ட அனுப்பி எடை பாத்தாங்க. முப்பத்தொம்போது சொச்சம். ‘நல்லா குறைக்கிறீங்களே, உங்களுக்கு அறுவையே வேண்டாம்’னு அனுப்பிட்டாங்க. ஆறே மாசத்துல பழைய எடை. இப்ப முதல்லேர்ந்து மனு போட்டுக்கிட்டு இருக்கு.”

“அதுக்கு?”

“நீ நாப்பதுக்குக் கீழ போகக் கூடாது. உனக்கு சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல. இருந்தாலாவது முப்பத்தஞ்சுக்கே ஒத்துப்பாங்க. உன்கிட்ட இருக்கறது அந்த நாப்பது ஒண்ணுதான்.”

எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கைத்தான் சொல்கிறான். பேனாவை எடுத்து அங்கேயே போட்டுப் பார்த்தேன். என் உயரத்துக்கு நூற்றுப் பத்து கிலோவில் அது நாற்பதைத் தொடுகிறது. டாக்டர் கேட்பது நூற்றொன்பது. இன்சூரன்ஸ் கேட்பது நூற்றுப் பத்துக்கு மேல். நடுவில் கால் வைக்க இடமே இல்லை. எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிற நான் இதை மட்டும் போடவில்லை.

அவன் சொன்னதில் எதையும் மறுக்க முடியவில்லை. சூப்பைக் கொட்டிவிட்டு இரண்டு முட்டை வேகவைத்துத் தின்றேன். ஆனால் அவனை நம்பவும் முடியவில்லை.

ஜூலை 10, வியாழன்

இன்சூரன்ஸுக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். முதலில் எடுத்த பெண், மனுக் கொடுத்த அன்றைய எடைதான் கணக்கு என்றாள். அவள் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோது எடுத்த ஆள், எங்கள் மருத்துவர் பார்க்கும் அன்றைய எடைதான் என்றான். இருவருமே “வேறு ஏதாவது உதவி வேண்டுமா” என்று ஒரே ராகத்தில் கேட்டார்கள்.

வகுப்புக்குப் போகும் வழியில் எரிவானின் உதிரிபாகக் கடையில் நின்றேன். ஜெனிவால்டோவின் பட்டறைக்கு இரண்டு கடை தள்ளித்தான். நல்ல வேளை, அவன் வெளியே யாருடைய பைக்கையோ ஓட்டிப் பார்க்கப் போயிருந்தான்.

“எரிவான் அண்ணே, உங்க மச்சினிக்கு இன்சூரன்ஸ்ல இல்லைன்னுட்டாங்களாமே?”

“ஆமாம்மா. பாவம், அழுது தீத்துடுச்சு. குறைச்சது குத்தமாப் போச்சு பாரு. நீ ஜாக்கிரதையா இரு. வேணும்னா எடை பாக்கப் போறப்ப ஒரு பைக் செயின் தரேன், இடுப்புல சுத்திக்கிட்டுப் போ.”

“ஜெனிகிட்ட இத எப்ப சொன்னீங்க?”

“சனிக்கிழமை. ஆட்டம் பாத்துக்கிட்டு இருந்தோம். ஏன், சொல்லியிருக்கக் கூடாதா?”

“அதுக்கு முன்னாடி எப்பவாவது?”

“எனக்கே வெள்ளிக்கிழமைதானம்மா தெரியும். முன்னாடி எப்படிச் சொல்ல?”

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நடந்தேன். மச்சினி கதை உண்மை. ஆனால் அது அவன் காதில் விழுந்தது போன சனிக்கிழமை. என் தராசு நின்றது திருவிழாவோடு. அப்படியானால் அந்த முதல் பெட்டியை எதற்காகப் பிழிந்தான்?

வகுப்பில் ஆசிரியர் எழுதிப் போட்ட எதுவும் மனதில் நிற்கவில்லை. வாசலில் அவன் பிளாஸ்க்கை நீட்டினான். “இன்னிக்கு ஒண்ணும் போடல” என்றான். வாங்கிக்கொண்டேன். குடிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸிலிருந்து செய்தி வந்தது. செவ்வாய் காலை எட்டு மணிக்கு அவர்களுடைய மருத்துவரிடம் வர வேண்டுமாம். எடையும் உயரமும் அங்கேயே பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் முடிவு.

இன்று காலை ஜெனிவால்டோ முற்றத்தில் குந்தி உட்கார்ந்து பைக் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூன்று நாளாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“எரிவான் உன்கிட்ட அஞ்சாந்தேதி சனிக்கிழமைதான் சொன்னாராம்.”

துணி நிற்கவில்லை. “ஆமா.”

“பாலேடு எப்பலேர்ந்து?”

இப்போது நின்றது. “திருவிழாவுக்கு அடுத்த நாள்லேர்ந்து.”

“எதுக்கு?”

“மருந்துக்கடை ஆதெமாரோட பொண்டாட்டி இருந்தாளே. அறுவை முடிஞ்சு ஒரு வருஷம் ஆகல, புருஷனை விட்டுட்டு பெட்ரோலினா ஊருக்குப் போயிட்டா. நீ இப்பவே சாயங்காலமானா படிக்கப் போற. அடுத்து ஆபீஸ் வேலைங்கற. நான் இங்க கையில கிரீஸோட உக்காந்திருக்கேன்.”

“நான் எங்க போவேன்னு நெனச்ச?”

“எங்கன்னு நெனைக்கல. போவேன்னு நெனச்சேன்.”

“அதனால என்னைக் குண்டாவே வச்சிருக்கலாம்னு.”

“தள்ளிப்போகும்னு நெனச்சேன், எடி. ரெண்டு மூணு மாசம். அதுக்குள்ள மனசு பழகிடும்னு.”

“மூணு மாடி ஏறி வகுப்புக்குப் போறப்ப என் முட்டி என்ன பாடு படுதுன்னு உனக்குத் தெரியும். தைலம் தேச்சு விடறதே நீதான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும்.”

பக்கத்து வீட்டு நாய் வந்து சங்கிலியை முகர்ந்துவிட்டுப் போனது.

“எரிவான் சொன்னதுக்கு அப்புறம்?” என்று கேட்டேன்.

“அப்புறம், பரவால்ல, நம்மளை அறியாம நல்ல காரியம்தான் பண்ணியிருக்கோம்னு தோணிச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காகக் கோபமும் வந்தது. நான் சிரித்ததைப் பார்த்து அவனுக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

“செவ்வாய்க்கிழமை வரைக்கும் போடறேனே. இப்ப நூத்திப் பதினொண்ணரை. தாண்டிடுவ. அதுக்கப்புறம் ஒரு சொட்டு போட மாட்டேன்.”

உள்ளே வந்துவிட்டேன். நெஞ்சில் உறுத்துவது இதுதான். அவன் ஏமாற்றாமல் இருந்திருந்தால், செவ்வாய்க்கிழமை நான் நாற்பதுக்குக் கீழேதான் நின்றிருப்பேன். என்னைத் தடுக்கச் செய்தது என்னைக் காப்பாற்றக்கூடும். அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

ஜூலை 14, திங்கள்

காலையில் அறுவை மருத்துவரின் உணவு ஆலோசகரைக் கூப்பிட்டு, பாலேட்டிலிருந்து நாளைய எடை பார்ப்பது வரை எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். யார் போட்டது என்பதையும் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“இன்சூரன்ஸ் டாக்டர் பாத்து முடிக்கிற வரைக்கும் எடைய அப்படியே வச்சுக்கணும்மா. அனுமதி கைக்கு வந்ததும் கடைசி ரெண்டு மூணு வாரத்துல வேகமா குறைக்கணும். இங்க எல்லாரும் அப்படித்தான். உனக்கு யாரும் சொல்லலையா?”

“இல்லைங்க. நூத்தொம்போதுக்கு வான்னுதான் சொன்னீங்க.”

“நாங்க எப்படிம்மா வாயால சொல்றது?”

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தோனா மர்லூசி அதைச் சிரிப்பாகச் சொன்னார், நானும் சிரிப்பாகவே கேட்டுக்கொண்டேன். இன்சூரன்ஸ் பெண்ணின் தேன் குரலுக்கும் தெரிந்திருக்கும்.

மத்தியானம் ஆவியில் வேகவைத்த சோளக் குஸ்குஸும் முட்டையும் தட்டு நிறைய வைத்துத் தின்றேன், எல்லோர் கண் முன்னாலும். என் எடை நாற்பதுக்கு மேல் நிற்க வேண்டுமென்றால் அதை என் கையால் நிறுத்திக்கொள்கிறேன். சாயங்காலம் ஜெனிவால்டோ பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது, இனி சூப் நான்தான் வைப்பேன், பிளாஸ்க் வேண்டாம் என்று சொன்னேன். தலையாட்டினான்.

“நாளைக்கு நானும் வரட்டுமா?”

“வா. உள்ள வராத.”

எனக்கு அனுமதி கிடைக்க வேண்டும் என்று அவன் உண்மையிலேயே விரும்புகிறானா என்று தெரியவில்லை. ஒரு வாரமாக அவனைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் தேடுகிறேன். தேடுவதாலேயே எதுவும் தெரியாமல் போகிறதோ என்னவோ. அவன் எதிரே இருக்கும்போது முடிவு வந்தால் முதலில் அவன் முகத்தைத்தான் பார்ப்பேன். பிறகுதான் கைபேசியை.

நாளை காலை எட்டு மணிக்கு இன்சூரன்ஸ் மருத்துவரிடம் எடை பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் அரை நாள் விடுப்புச் சொல்லியாயிற்று. திரும்பும் வழியில் பூசணியும் வெங்காயமும் வாங்கி, வகுப்புக்கு முன் சூப் வைக்க வேண்டும்.