சகலை முதலில் பார்த்த வண்டி

மாமனாரின் பழைய நீலக் காரில் ரிவர்ஸ் கியர் விழவில்லை என்பது மூத்த மாப்பிள்ளைக்கு ஒரு விஷயமே இல்லை. பழைய வண்டி என்றால் ஆயிரம் வரும், போகும். அவரும் ஒரு மெக்கானிக்தானே, பார்க்காததா? ஆனால் அதை அவருக்கு முன்னால் சகலை முந்தின நாளே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான் என்று மனைவி சொன்னாளே, அங்கேதான் வயிறு பற்றிக்கொண்டது.

"நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"காலங்காத்தால என்ன பேச்சு இது? நீங்க வேலையா இருப்பீங்கன்னு அப்பா கூப்பிட்டிருக்க மாட்டாங்க."

"அவனுக்கு மட்டும் வேலை இல்லியா? சும்மா ஈ ஓட்டிட்டா இருக்கான்?"

மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல், மடித்து வைத்த துணியையே எடுத்து மறுபடியும் மடித்தாள்.

விஷயம் என்னவென்றால், அந்த வீட்டுக்கு இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகள், இரண்டு பேருமே மெக்கானிக்குகள். 'ஒருத்தரையாவது டாக்டரா பார்த்திருக்கலாம், என் முட்டிவலிக்காவது ஆகியிருக்கும்' என்று மாமியார் சிரிப்பார். மூத்தவருக்குச் சொந்தமாக ஒரு தகர ஷெட், ஒரு ஜாக்கி. சின்னவருக்குப் பெரிய பட்டறையில் வேலை. அங்கே வண்டியை அப்படியே தூக்கி நிறுத்த லிப்ட் உண்டு, போட்டுக்கொள்ளச் சலவை செய்த யூனிபார்ம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மாமனாரின் கார் மூத்தவருடையது. கல்யாணமான நாளிலிருந்து அதன் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டவர் அவர். அதில் இருமல் சத்தம் கேட்டால் கூப்பிட வேண்டியது அவரைத்தான். அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே மரியாதை அதுதான் என்று அவர் நம்பினார்.

அந்த மரியாதையிலும் போன மாதம் சின்னவர் கை வைத்தார். காருக்குப் புது சீட் கவர் வாங்கி வந்து மாட்டிவிட்டார். மாமனார் தடவித் தடவிப் பார்த்தார். மூத்தவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரமே ஓடிப்போய், கடையில் இருந்ததிலேயே தடிமனான ரப்பர் மேட்டை வாங்கிவந்து டிரைவர் காலடியில் போட்டார். "கால் வைக்க மெத்தை மாதிரி இருக்கு மாப்பிள்ள" என்றார் மாமனார். அப்போதுதான் சோறு இறங்கியது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமனார் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மேட்டைத்தான் பார்ப்பார். துடைத்து வைத்திருக்கிறார்களா, ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று.

அன்றைக்கும் ஞாயிறுதான். இவர் போய் இறங்கும்போது சின்னவர் கார் பானெட்டில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சாய்மானத்தைப் பார்த்ததுமே இவருக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. என்னமோ இவன் அப்பா வாங்கிய கார் மாதிரி!

"வாங்கண்ணே" என்றார் சின்னவர். "இன்ஜினை நிறுத்திட்டுப் போட்டா எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழுது. ஓடும்போதுதான் ரிவர்ஸ் கர்ருங்குது. கிளட்ச் முழுசா விடலைன்னு நினைக்கிறேன். கேபிளை லேசா இழுத்து வச்சா போதும். நீங்களே ஒரு திருகு திருகிடுங்களேன்."

சரியான பேச்சுதான். மூத்தவர் முதலில் வந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பார். கியர்பாக்ஸுக்குள் கோளாறு என்றால் இன்ஜின் நின்றாலும் அது முரண்டு பிடிக்கும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம் இது. ஆனால் சின்னவர் வாயிலிருந்து வந்ததே, அதை எப்படி ஒத்துக்கொள்வது? அதுவும் அந்த கிளட்ச் கேபிள் இவர் கையால் மாட்டியது!

"கேபிள் நான் போட்டது, சகல. அதுல குறை வராது. உள்ள பல் தேஞ்சு போச்சு. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும்" என்றார் மூத்தவர். வாய் கூசாமல் பொய் சொன்னார்.

மாமனார் காதைச் சொறிந்தார். காலமெல்லாம் தையல் மெஷின் மிதித்தவர், அதிகம் பேச மாட்டார். "இறக்கணுமா? அப்படின்னா உங்க ஷெட்ல கஷ்டமாச்சே மாப்பிள்ள. சின்னவர் பட்டறையில லிப்ட் இருக்கு. அங்க விட்டுடலாமா?"

போச்சுடா! அடித்த ஆணி தன் காலிலேயே ஏறியது. தன் வாயாலேயே வண்டியைத் தூக்கிச் சகலை கையில் கொடுத்தாயிற்று. நாளைக்கே இந்தக் கார் அந்த லிப்டில் ஏறி நிற்கும். இவர் மாட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் யூனிபார்ம் போட்டவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். 

"இருங்க இருங்க, இன்னொரு தடவ பார்த்துடறேன்" என்று செருப்பை உதறிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினார். இன்ஜினைக் கிளப்பினார். கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போட்டார். கர்ர்ர். மறுபடி மிதித்தார். வெறுங்காலுக்கு இப்போது ஒன்று தெரிந்தது. பெடல் கடைசியில் டக்கென்று நிற்கவில்லை. பொதுக்கென்று எதன் மேலோ போய் உட்கார்ந்தது.

குனிந்து கையை விட்டார். மேட். அவர் வாங்கிக் கொடுத்த அதே தடிமனான மேட், முன்னால் நகர்ந்து பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. பின்னால் இழுத்தார். மிதித்தார். பெடல் அடிவரை போனது. ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுந்தது.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மெல்ல நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். கியர் விழுந்தது வெளியே நிற்கிறவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருத்தர் முகத்திலாவது ஆச்சரியம் வேண்டாமா? மாமனார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினை நிறுத்தினார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

சின்னவர் அடுத்த நகத்துக்கு மாறினார்.

"மாமா, உங்களத்தான் கேக்கறேன்."

"காலுக்குத் தெரியாதா மாப்பிள்ள? மேட் போட்ட நாள்லருந்தே இடிக்குது" என்றார் மாமனார்.

"அப்புறம் எடுத்துப் போட வேண்டியதுதானே?"

"எடுத்தா நீங்க கோவிச்சுக்குவீங்க. வந்ததும் வராததுமா நீங்க அதைத்தானே பார்க்கறீங்க. உங்ககிட்ட சொல்லவும் பயம். அதான் சின்னவரைக் கூப்பிட்டு, மேட் அப்படியே இருக்கட்டும், கியர் மட்டும் விழற மாதிரி ஏதாவது வழி பண்ணுங்கன்னு கேட்டேன். அவர்கிட்ட எதையும் சொல்லலாம் பாருங்க."

பெடல் பாதி போனாலே கியர் விழட்டும் என்றுதான் கேபிளை இழுத்து வைக்கச் சொன்னது. அதையும் இவர் கையாலேயே செய்யவைத்து, இவர் சரிசெய்த மாதிரியே முடித்துவிடலாம் என்று பார்த்திருக்கிறார்கள். மனைவி ஏன் முகம் பார்க்காமல் துணி மடித்தாள் என்பதும் இப்போது விளங்கியது.

லிப்ட், யூனிபார்ம், சீட் கவர் என்று எதற்கெல்லாமோ இத்தனை நாள் பொறாமைப்பட்டாரே, அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அவர்கிட்ட எதையும் சொல்லலாமாம்! இந்த வீட்டின் போல்ட்டு நட்டெல்லாம் இவர் கையில் இருந்திருக்கிறது, பேச்செல்லாம் சகலை காதுக்குப் போயிருக்கிறது. அந்தக் காதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். போனால் இன்னொரு தடவை கோவித்துக்கொண்டார் என்று ஆகும்.

இறங்கினார். தொண்டையைச் செருமினார்.

"மாமா, என்கிட்டயே சொல்லுங்க. மேட் உங்களுக்குப் பிடிச்சிருக்கா, இல்லியா?"

மாமனார் பழக்கதோஷத்தில் சின்னவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை? என்னைப் பாருங்க."

மாமனார் திரும்பினார். "பிடிக்கல மாப்பிள்ள. அதுவும் அந்த ரப்பர் நாத்தம்... வண்டியில ஏறினாலே தலைவலி."

சுருக்கென்றுதான் இருந்தது. மூத்தவர் ஒன்றும் பேசாமல் மேட்டை உருவி எடுத்து, மண்ணைத் தட்டி, பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு சின்னவர் பக்கமாக நகர்ந்து போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நாத்தத்தைப் பத்தி உங்ககிட்ட சொன்னாரா, சகல?"

"இல்லண்ணே. அது எனக்கே புதுசு."

"நிஜமா?"

"சத்தியமாண்ணே. இடிக்குதுன்னு மட்டும்தான் சொன்னார்."

மூத்தவர் மேட்டைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டு, மாமியாரிடம் காபி கேட்டு உள்ளே போனார்.