இரவல் முதலாளி

நீதிமன்ற அறிவிப்பைத் தெல்மிரா மூன்றாவது முறையாக வாசித்தாள். வாதி அவள்தான்; இறந்துபோன தங்கை நோல்வியாவின் மகளுக்குப் பாதுகாவலர். பிரதிவாதி, நோல்வியாவை வேலைக்கு வைத்த முதலாளி. அந்த இடத்தில் அவள் கணவன் பெர்மீனின் பெயர் இருந்தது.

பெர்மீன் எதிரே உட்கார்ந்து சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். வாயில் வைக்கவில்லை.

"நான் கம்பெனி மேலதானே கேஸ் போட்டேன்."

"ஆளுங்களுக்குக் கம்பெனி வேற. அது என் பேர்ல இருக்கு."

"எப்பலேருந்து?"

"நாலு வருஷமா. கிறிஸ்துமஸுக்குப் பன்னித் தொடை கொண்டு வந்தேனே, அது பேர் குடுத்ததுக்குத்தான்."

"நீ நல்லா வண்டி ஓட்டறேன்னு குடுக்கறாங்கன்னு நெனச்சேன்."

அவன் பிய்த்த துண்டுகளைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். 

சோலோமா நகரத்துப் பக்கத்துத் தையல் ஆலைகளில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கடல் கடந்து வந்த முதலாளி துணியையும் எந்திரங்களையும் தன் பெயரில் வைத்துக்கொள்வான். ஆட்களை மட்டும் ஓர் உள்ளூர்க்காரனின் பெயரில் வைப்பான். ஆள் செத்தாலும் கை போனாலும் சட்டம் தேடி வருவது அந்த உள்ளூர்க்காரனைத்தான். பெயர் கொடுப்பதை இங்கே யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்பதுபோல ஓர் ஒத்தாசை. பெர்மீன் ஆலையின் வேன் ஓட்டுநர். நோட்டரி அலுவலகத்துக்கு அவனே மேலாளரை ஏற்றிச்சென்றான். கையோடு கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தான்.

ஆலைப் பெண்களுக்கு விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. அக்காளிடம் சொல்லாத நோல்வியா, வேனில் பின்னிருக்கையிலிருந்து அவனை வம்புக்கிழுப்பாள். "முதலாளி, இஸ்திரிப் பக்கம் நீராவிக் குழாய் ஒழுகுது. மாத்திக் குடுங்க முதலாளி." வேன் முழுக்கச் சிரிக்கும். அவனும் சிரிப்பான்.

மே மாதம் அந்தக் குழாய் வெடித்தது.

இப்போதும் தினமும் காலையில் வேனை எடுக்கிறான். பெண்கள் பேசாமல் ஏறுகிறார்கள். பின்னிருக்கையில் சன்னலோர இடத்தில் யாரும் உட்காருவதில்லை. பாலம் தாண்டியதும் அந்த இடத்திலிருந்து 'முதலாளி' என்று குரல் வருகிறது; கிண்டலாக அல்ல, கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒருத்தியின் குரலாக. அவன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை.

ஞாயிறு மத்தியானம் கம்பெனி வக்கீல் வீட்டுக்கே வந்தார். காப்பியை மறுக்காமல் வாங்கிக் குடித்தார். நல்ல மனிதர்போலத்தான் பேசினார்.

"ஆமா, நாந்தான் முதலாளி, அந்த நிறுவனத்தை மூடிட்டேன்னு சொல்லு பெர்மீன். உன்கிட்ட ஒண்ணுமில்ல, எதை எடுப்பாங்க?"

"அப்ப பிள்ளைக்கு?" என்றாள் தெல்மிரா.

"இல்லாதவன்கிட்ட எப்படிம்மா வாங்கறது?"

"நான் முதலாளி இல்லன்னு சொன்னா?" என்று பெர்மீன் கேட்டான்.

"பொய்ப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டது யாரு? நீதானே உள்ள போகணும்." கோப்பையைக் கீழே வைத்தார். "காப்பி அருமை, தோன்யா தெல்மிரா," என்று மரியாதைப் பட்டம் சேர்த்து விடைபெற்றார்.

செவ்வாய்க்கிழமை வாதியும் பிரதிவாதியும் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் நீதிமன்றம் போனார்கள்.  இறங்குமுன் பெர்மீனின் சட்டைக் காலரை அவள் சரிசெய்தாள்.

நீதிமன்ற எழுத்தர் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ரெண்டு தரப்புக்கும் ஒரே விலாசம் போட்டிருக்கு. தப்பா அடிச்சிட்டாங்களா?"

"இல்ல சார். ஒரே வீடுதான்," என்றாள் தெல்மிரா.

"அப்ப சமரசத்த வீட்லயே முடிச்சிருக்கலாமே." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு பெர்மீனிடம் திரும்பினார். "நோல்வியாவுக்கு முதலாளி நீதானே?"

 பெர்மீன் தன் கையைப் பார்த்தான்.

"நான் வேன் ஓட்டறவன்," என்றான். "முதலாளி வேற ஆளு. கையெழுத்து மட்டும் என்னுது. அதையும் எழுதிக்குங்க."

"உள்ள போவே. தெரியுதா?"

"வக்கீல் சொன்னாரு."

எழுத்தர் விரலைத் தட்டச்சுப் பலகைமேலேயே வைத்திருந்தார். இப்போது சிரிக்கவில்லை. "சரி. அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு இந்த நாட்டுல விலாசமே இல்லம்மா. ஆளுங்க விஷயத்துல அவங்க இங்க இருக்கறதாவே பதிவில்ல. அமைச்சகம் வழியாக் கடல் தாண்டி அறிவிப்பு போகணும். பதில் வர ஏழெட்டு வருஷமாகும். வராமலும் போகலாம். புருஷன் ஜெயிலுக்குப் போறது மட்டும் சீக்கிரம் நடக்கும். அனுப்பவா? யோசிச்சுச் சொல்லு."

தெல்மிரா யோசித்தாள். பெர்மீன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"பிள்ளைக்கு இப்பத்தான் ஆறு வயசு," என்றாள். "பதில் வர்றப்ப அவ இருப்பா. அனுப்புங்க."